கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பவன்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த வருடம் முழுக்க அபத்த நாவல்கள், சர்ரியலிச நாவல்கள் என்று எடுத்திருக்கிறார்கள். முதலில் காஃப்காவின் ‘உருமாற்றம்’. ஒருவன் காலையில் எழுந்தால் பூச்சியாகிக் கிடக்கிறான். ஏன் ஆனான்? அந்தப் பூச்சி எதைக் குறிக்கிறது? யூடியூபில் நான்கு விளக்கங்கள் கேட்டேன். முதலாளித்துவம் என்கிறார் ஒருவர், அப்பா மகன் சண்டை என்கிறார் இன்னொருவர், யூதர்களின் நிலை என்கிறார் மூன்றாமவர். நான்காவது எனக்குப் பிடிபடவே இல்லை. கூட்டத்தில் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் மூளை இல்லையோ என்று இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கை அவன் அறையைக் கூட்டுவதை விட்டுவிடுகிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை, என்னோடுதான் இருக்கிறார். அந்தச் சோர்வும் சேர்ந்திருக்கலாம். ‘அந்த ரூமுக்குக் காபி போயாச்சா?’ என்று வீட்டில் யாராவது கேட்டாலே இப்போது சுருக்கென்கிறது. என்னைப் போன்றவர்கள் இந்த மாதிரி நாவல்களை விட்டுவிடலாமா? இல்லை, படிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

31 வருடம் பொது நூலகங்களில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இரவல் போன புத்தகம் திரும்பி வரும்போது, படித்தவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் புத்தகம் சொல்லிவிடும். எந்தப் பக்கம் வரைக்கும் ஓரத்தில் விரல் அழுக்கு ஏறியிருக்கிறது, எங்கே முனை மடிந்திருக்கிறது, பஸ் டிக்கெட் எந்த இடத்தில் செருகிக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும். காஃப்கா மாதிரியான எழுத்தாளர்களின் புத்தகங்களில் அந்த மடிப்பு பெரும்பாலும் இரண்டு இடங்களில் விழுந்திருக்கும். ஒன்று, ஆரம்பித்த பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள். அவர்கள் புரியாமல் வைத்துவிட்டவர்கள். இன்னொன்று, முக்கால்வாசிக்கு மேல் போன பிறகு. அவ்வளவு தூரம் வந்தவர்கள் புரியாமல் நிறுத்துவதில்லை. தங்கை அறையைக் கூட்டுவதை விட்டுவிடுவது ‘உருமாற்ற’த்தின் மூன்றாவது பகுதியில், அதாவது கடைசிப் பகுதியில் வருகிறது. நீங்கள் மூடியது அங்கே. ‘மூளை இல்லையோ’ என்ற வரியை உங்கள் கடிதத்தில் பேனாவால் அடித்துவிட்டுத்தான் மீதியைப் படித்தேன்.

முதலில் ‘எதைக் குறிக்கிறது’ என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்வி நமக்குள் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக எழுதியிருக்கிறோம். எந்த வரியைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பொருள் ஒளிந்திருக்கும், அதைச் சரியாகச் சொன்னால் ஐந்து மதிப்பெண் என்று கை பழகிவிட்டது. செய்யுளுக்கு அது உதவியிருக்கலாம். இந்த நாவல்களுக்கு அது பெரிய இடைஞ்சல். பூச்சி என்றால் முதலாளித்துவம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பூச்சியை யாரும் பார்ப்பதில்லை. அது கட்டிலிலிருந்து இறங்கப் படுகிற பாடு, கதவுச் சாவியைத் தாடையால் கடித்துத் திருப்புகிற வேதனை எல்லாம் வெறும் அலங்காரமாகிவிடும்.

காஃப்காவுக்கே இந்தக் கவலை இருந்தது. ‘உருமாற்றம்’ 1915இல் அச்சாகும்போது, அட்டையில் ஓவியர் அந்தப் பூச்சியை வரைந்துவிடுவாரோ என்று பயந்து பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். பூச்சியை மட்டும் வரைய வேண்டாம், தூரத்தில் தெரிகிற மாதிரிகூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைசியில் அட்டையில் வந்தது, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு நடக்கும் ஒரு மனிதன். அவனுக்குப் பின்னால் திறந்த கதவு, அதற்குள் இருட்டு. நீங்கள் பார்த்த நான்கு காணொளிகளிலும் ஒரு பெரிய கரப்பான்பூச்சியின் படம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூலத்தில் கரப்பான்பூச்சி கிடையாது. ஜெர்மனில் அவர் எழுதிய சொல் எந்த இனத்தின் பெயரும் இல்லை. வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று நாம் நசுக்குகிற, விரட்டுகிற உயிர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பொதுச் சொல் அது. வேலைக்கார அம்மாள் ஓரிடத்தில் அவனைச் சாணி வண்டே என்று கூப்பிடுகிறாள். அதுவும் கூப்பிடுகிற பெயர்தான். இருப்பதற்கு இடமில்லாத ஒன்று என்பதைத் தாண்டி அந்தப் பூச்சியைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை.

சரி, பொருள் தேடாமல் எப்படித்தான் படிப்பது? நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் உங்களுக்கு இது சுலபமாகவே வரும். முதல் வரியில் வரும் நடக்க முடியாத விஷயத்தை ஆரம்ப இருப்பு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், போன ஆண்டுப் பேரேட்டில் இருந்து வந்ததென்று வைத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு வரவும் செலவும் அச்சு அசலாக நம் உலகத்துக் கணக்குதான்.

பூச்சியாகிப்போகிற கிரெகோர் சம்சா துணிக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. உங்கள் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில். அலாரம் வைத்தது 4 மணிக்கு. பிடிக்க வேண்டிய ரயில் 5 மணிக்கு. விழித்துப் பார்க்கும்போது ஆறரை தாண்டிவிட்டது. அடுத்த ரயில் 7 மணிக்கு. தான் பூச்சியாகிவிட்டோம் என்று அவன் அலறவில்லை, 7 மணி ரயிலையாவது பிடிக்க முடியுமா என்று கணக்குப் போடுகிறான். ஏழு அடித்துச் சற்று நேரத்தில் கம்பெனியின் பெரிய குமாஸ்தாவே வீடு தேடி வந்துவிடுகிறார், இவன் ஏன் வரவில்லை என்று கேட்க. ஒருவன் பூச்சியானதைவிட, ஒரு நாள் தாமதமானதற்கு மேலதிகாரி வீட்டுக்கே வந்து நிற்பதுதான் எனக்கு அந்தப் பகுதியில் திகிலான விஷயம்.

பிறகு பணம். அப்பாவின் வியாபாரம் ஐந்து வருடத்துக்கு முன் நொடித்துப் போனது. அவர் வாங்கிய கடன் கிரெகோரின் முதலாளியிடம்தான். அதை அடைக்க இன்னும் ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அந்த வேலையை உதறலாம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது பூச்சியாகிக் கதவில் ஒட்டிக்கொண்டு கேட்கும்போது ஒரு விவரம் தெரியவருகிறது: பழைய வியாபாரத்திலிருந்து கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கிறது. வட்டியும் சேர்ந்திருக்கிறது. மாதாமாதம் அவன் கொடுத்த சம்பளத்திலும் அப்பா மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார். அந்தப் பணத்தைக் கடனில் கட்டியிருந்தால் அவன் எவ்வளவோ முன்னதாக விடுபட்டிருப்பான். இது தெரிந்ததும் கிரெகோர் என்ன செய்கிறான்? கதவுக்குப் பின்னால் தலையாட்டிச் சந்தோஷப்படுகிறான். அப்பா முன்யோசனைக்காரர் என்று. சகோதரி, அந்த இடத்தை மறுபடி ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கோபமே படாமல் ஒருவன் சந்தோஷப்படுவதைப் பார்த்து நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. இதற்கு எந்த விளக்கக் காணொளியும் தேவைப்படாது, ஒரு குடும்பத்தில் சம்பாதித்துக் கொடுத்துப் பழகியிருந்தால் போதும்.

கனவு மாதிரியான ஒரு கதையில் இத்தனை துல்லியம் எப்படி வந்தது என்று கேட்டால், காஃப்காவின் பகல் வேலையைச் சொல்ல வேண்டும். 1906இல் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். 1908 முதல் 1922 வரை பிராகா நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம். தொழிற்சாலைகளின் விபத்து அபாயத்தை மதிப்பிட்டு வகைப்படுத்துவது, ஆட்சேப மனுக்களுக்குப் பதில் எழுதுவது, ஆலைகளை நேரில் போய்ப் பார்ப்பது என்று வேலை. மரம் இழைக்கும் இயந்திரத்தைப் பற்றி நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்காக அவர் எழுதிய கட்டுரை இன்றும் இருக்கிறது. சதுரமான சுழல்தண்டு இருந்தால் கத்திக்கும் மேசைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது, விரல் அதில் எப்படிச் சிக்குகிறது, உருளையான தண்டு போட்டால் அது எப்படிக் குறைகிறது என்று படங்களோடு விளக்கியிருப்பார். அழவும் மாட்டார், திட்டவும் மாட்டார். அளவு சொல்வார், அவ்வளவுதான். ‘உருமாற்ற’த்தை 1912 நவம்பரிலும் டிசம்பரிலும் எழுதியபோதும் கை அதே கைதான். பூச்சியைப் பற்றியும் அவர் விபத்து அறிக்கையின் நிதானத்தில்தான் சொல்கிறார். தங்கைக்குத் தன் உருவம் தெரிந்து அருவருப்பு வரக்கூடாது என்று கிரெகோர் ஒரு படுக்கை விரிப்பை முதுகில் சுமந்து சோபாவுக்கு இழுத்துப் போய்த் தன்னை மூடிக்கொள்கிறான். அதற்கு அவனுக்கு 4 மணி நேரம் பிடித்தது என்று எழுதுகிறார். அந்த 4 என்ற எண்ணை எடுத்துவிட்டால் அந்தப் பத்தி செத்துவிடும்.

இப்போது நீங்கள் மூடிய பக்கத்துக்கு வருகிறேன். தங்கை கிரேட்டேதான் அந்த வீட்டில் முதலில் அவனைக் கவனித்துக்கொண்டவள். அவனுக்குப் பிடித்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றி ரொட்டித் துண்டு போட்டு வைக்கிறாள். அவன் தொடவில்லை என்றதும், எதைத்தான் சாப்பிடுவான் என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய செய்தித்தாளில் விதவிதமாகப் பரப்பி வைக்கிறாள். அவன் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டும் என்று அறையை விட்டே போய்விடுகிறாள். என்ன ஒரு பிரியம் அது. பிறகு அவளுக்கும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. கடையில் விற்பனைப் பெண். ராத்திரியில் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் படிக்கிறாள், என்றைக்காவது நல்ல வேலை கிடைக்குமென்று. காலையில் அவசரமாக எதையோ காலால் உள்ளே தள்ளிவிட்டு ஓடுகிறாள். சாயங்காலம் அவன் சாப்பிட்டானா என்று பார்க்காமலே துடைப்பத்தால் வெளியே தள்ளுகிறாள். சுவரோரம் அழுக்கு கோடு கோடாகப் படிகிறது. கிரேட்டே கெட்டவள் என்று அந்தக் கதையில் எந்த வரியும் சொல்லவில்லை. அவள் களைத்துப் போனவள். நீங்கள் அந்த வரியில் நிறுத்தியது ஏன் என்று உங்கள் கடிதத்தின் அடுத்த வரியே சொல்லிவிட்டது. நான்கு காணொளிக்காரர்களில் ஒருவருக்கும் கிடைக்காத வாசிப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நீங்கள் தூக்கக் கேடு என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூடிய பக்கத்துக்குப் பிறகு வருவதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் படிக்கிறவருக்கு அது இன்னும் ஆழமாகப் படும். கடைசியில் தங்கைதான் வாய்விட்டுச் சொல்கிறாள், இந்த ஜந்துவுக்கு முன்னால் என் அண்ணன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று. அதே வாக்கியத்திலேயே ‘அவனை’ போய் ‘அதை’ வந்துவிடுகிறது. அதை எப்படியாவது தொலைத்துத் தலைமுழுக வேண்டும் என்கிறாள். நம் மொழியில் உயர்திணை, அஃறிணை என்ற கோடு வினைமுற்று வரை ஓடுகிறது. வந்தான், வந்தது. சாப்பிட்டார், சாப்பிட்டது. ஒரு மனிதனை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ள நமக்கு ஒரு விகுதி போதும். கதை சொல்கிற குரல் மட்டும் அவன் உயிரோடு இருக்கும்வரை அவனை ‘அவன்’ என்றே சொல்கிறது. அவன் இறந்த காலையில் வேலைக்கார அம்மாள் வந்து பார்த்துவிட்டு அறிவிக்கும்போது, மனிதர் சாவதற்குச் சொல்லும் வினையைச் சொல்ல மாட்டாள், விலங்கு சாவதற்குச் சொல்லும் வினையைச் சொல்வாள். செத்துப்போச்சு என்று நாம் சொல்வது போல. இன்னொரு மாற்றமும் அங்கே நடக்கிறது. அதுவரைக்கும் கதையில் அப்பா, அம்மா என்று வந்தவர்கள், அவன் இறந்த கணத்திலிருந்து திரு. சம்சா, திருமதி சம்சா என்று ஆகிவிடுகிறார்கள். யாருடைய அப்பா, யாருடைய அம்மா என்று சொல்ல அந்த அறையில் இப்போது ஆள் இல்லை. எத்தனையோ முறை படித்துவிட்டேன், அந்த இடத்தைக் கடக்கும்போது இன்னும் கை நின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டில் ‘அப்பாவுக்கு’ என்பது ‘அந்த ரூமுக்கு’ என்று மாறியிருப்பது உங்கள் காதில் சுருக்கென்று பட்டது இந்தப் புத்தகத்தால்தான் என்று நினைக்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. களைத்த வீடுகளில் சொற்கள் இப்படிச் சுருங்கும். காஃப்கா அதைத்தான் விடாமல் எழுதினார்.

வாசிப்பு வட்டத்தில் பேச வேண்டியிருக்கும் என்பதால் சொற்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்ரியலிசம் என்பது ஒரு இயக்கம். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924 அக்டோபரில் பாரிஸில் அதன் முதல் அறிக்கையை வெளியிட்டார். கனவையும் தடையில்லாமல் மனம் கொட்டுவதையும் அப்படியே எழுத்தில் இறக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அபத்தம் என்பதை பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காமு 1942இல் ஒரு தத்துவக் கேள்வியாக வைத்தார்: மனிதன் காரணம் கேட்டுக்கொண்டே இருக்கிறான், உலகம் பதில் சொல்லாமலே இருக்கிறது, இந்த இரண்டும் மோதுகிற இடம் அபத்தம். காஃப்கா இறந்தது 1924 ஜூன் 3. இரண்டு பெயர்ப்பலகையும் அவர் போன பிறகு மாட்டியவை. அதனால் அவர் எந்த வகை என்ற சண்டையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். படிக்கும் விதத்துக்கு மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. கனவுத் தர்க்கத்தில் எழுதியவர்களைப் பத்தி பத்தியாக, மெதுவாக, கவிதை மாதிரி படிக்க வேண்டும். போலந்து மொழியில் எழுதிய ப்ரூனோ ஷுல்ஸ் அப்படி. அப்பா பரணில் பறவைகள் வளர்க்கிறார், வேலைக்காரி அடேலா ஒருநாள் துடைப்பத்தோடு ஏறி எல்லாவற்றையும் விரட்டிவிடுகிறாள். அவரை ஒரு ராத்திரிக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் படித்தால் திகட்டும். அபத்தக்காரர்களை அப்படி இல்லை, வேகமாகவே படிக்கலாம். அங்கே விதிகள் கறாராக இருக்கும், அந்த விதிகளுக்கான காரணம் மட்டும்தான் இருக்காது.

இன்னொரு சோதனையும் என்னிடம் உண்டு. எந்த நாவலிலும் நடக்க முடியாத ஒன்று நடந்தால், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ‘உருமாற்ற’த்தில் ஒவ்வொருவரும் கொடுக்கிறார்கள். அப்பா வங்கிச் சிப்பந்தியாகச் சீருடை மாட்டுகிறார், அம்மா கடைக்கு உள்ளாடை தைக்கிறாள், வீட்டுக்குள் மூன்று குடித்தனக்காரர்களை வைக்க வேண்டிவருகிறது. யாருக்கும் எந்தச் செலவும் வைக்காமல் பக்கத்துக்குப் பக்கம் அதிசயம் நடக்கிற நாவல் என்றால், தயங்காமல் மூடி வையுங்கள், எவ்வளவு பெரிய பெயர் அட்டையில் இருந்தாலும் சரி. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற இடத்தில் எதற்கும் மதிப்பு இருக்காது. இந்த வகையில் மோசமான புத்தகங்கள் ஏராளம், அவை புரியாததற்கு நீங்கள் பொறுப்பில்லை.

அடுத்தது என்ன படிக்கலாம் என்பதற்கு என் யோசனை. வட்டத்தில் காஃப்காவின் ‘விசாரணை’ வரும் என்று நினைக்கிறேன். ஜெர்மனிலிருந்தே நேராக ஏ.வி. தனுஷ்கோடி மொழிபெயர்த்தது தமிழில் இருக்கிறது, க்ரியா வெளியீடு. நேரடி மொழிபெயர்ப்பைத் தேடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெர்மன் வாக்கியத்தில் வினை பல இடங்களில் நம் வாக்கியத்தைப் போலவே கடைசியில் வந்து விழும். ‘உருமாற்ற’த்தின் முதல் வாக்கியத்தில் ‘மாறி’ என்பதற்கான சொல்தான் மூலத்தில் கடைசிச் சொல். காலை, கெட்ட கனவுகள், கட்டில், பூச்சி என்று எல்லாம் வந்த பிறகு அந்த மாற்றம் விழுகிறது. ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்துவிடும். தமிழுக்கு அந்தக் கடைசி அடியைத் தாங்குகிற அமைப்பு இயல்பாகவே இருக்கிறது, அதை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவந்து இழக்க வேண்டாம்.

‘விசாரணை’யைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அது காஃப்கா முடிக்காமல் விட்ட நாவல். முதலும் முடிவும் எழுதியிருந்தார், நடுவில் சில அத்தியாயங்கள் அரைகுறையாக நின்றன. அவர் இறந்த மறுவருடம், 1925இல், நண்பர் மாக்ஸ் ப்ரோட் அவற்றை வரிசைப்படுத்தி அச்சிட்டார். நடுவில் கதை சுற்றிச் சுற்றி வருவதாகத் தோன்றினால் குழம்ப வேண்டாம், அந்த வரிசை ஆசிரியர் முடிவுசெய்தது இல்லை. அதன் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்குக் காஃப்கா வாசித்துக் காட்டியபோது எல்லாரும் சிரித்திருக்கிறார்கள், அவரே மேற்கொண்டு வாசிக்க முடியாத அளவுக்குச் சிரித்தார் என்று ப்ரோட் எழுதியிருக்கிறார். சும்மா தூங்கி எழுந்த ஒருவனை இருவர் வந்து கைது செய்துவிட்டு, அவன் காலை உணவையும் தாங்களே சாப்பிட்டுவிடுகிறார்கள். அங்கே சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். பயபக்தியோடு படித்தால் பாதி போய்விடும்.

ஆனால் ‘விசாரணை’க்கு முன்னால் கோபோ அபே என்ற ஜப்பானியர் 1962இல் எழுதிய, மணல்மேட்டுப் பெண்ணைப் பற்றிய நாவல் கிடைத்தால் படியுங்கள். விடுமுறையில் பூச்சி பிடிக்கப் போன பள்ளி ஆசிரியர் ஒருவரை, ஒரு கிராமத்தார் மணல் குழிக்குள் இருக்கும் வீட்டில் ராத்திரி தங்க வைக்கிறார்கள். விடிந்ததும் நூலேணியைக் காணோம். மேலிருந்து மணல் சரிந்துகொண்டே இருக்கிறது. தினமும் அள்ளிப் போடாவிட்டால் வீடு புதைந்துவிடும், அள்ளாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இறக்க மாட்டார்கள். மணல் துகளின் அளவு எட்டில் ஒரு மில்லிமீட்டர் என்று அந்த நாவல் திரும்பத் திரும்பச் சொல்லும். தினசரி ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கிற, விட்டுப் போக முடியாத ஒருவருக்கு அந்த மணல் என்னவென்று யாரும் விளக்க வேண்டாம். முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஈரானியரான சாதெக் ஹெதாயத் 1930களில் மும்பையில் இருந்தபோது ஐம்பது பிரதிகள் போல அச்சிட்டு வெளியிட்ட ‘குருட்டு ஆந்தை’யை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மகத்தான படைப்பு. ஆனால் தூக்கம் கெட்டிருக்கிற நாட்களில் அதைப் படிக்கக் கூடாது என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். அர்த்தம் எழுத வேண்டாம். எங்கே வயிற்றைப் பிசைந்தது, எங்கே சிரிப்பு வந்தது, எங்கே புத்தகத்தை மூடத் தோன்றியது, அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டால் போதும். நூலகப் புத்தகமாக இருந்தால் கோடு வேண்டாம், ஒரு தாளில் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். காணொளியை வட்டம் கூடி முடிந்த பிறகு பாருங்கள். கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது பூச்சி எதைக் குறிக்கிறது என்று பேச வேண்டாம். அந்தப் பக்கத்தில் மூடினேன், காரணம் இது என்று சொல்லுங்கள். பிரமாதம் என்று மட்டும் சொன்னவர்களும் அதற்குப் பிறகு தங்கள் பக்கத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

தூக்கம் பற்றி: இரண்டு ராத்திரி புத்தகம் எழுப்பிவிடலாம், அது பரவாயில்லை. வாரக்கணக்கில் நீண்டால் அது புத்தகத்தின் வேலையாக இருக்காது. இரண்டு வருடமாக ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு சொல்வது அது. டாக்டரிடம் போங்கள், வீட்டில் வேலையைப் பங்குபோடச் சொல்லுங்கள். கிரேட்டேயை அந்த வீட்டில் யாரும் ஒருநாள் ஓய்வெடு என்று சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. கிரெகோருக்கு அந்த வீட்டில் பேசுவது எல்லாம் புரிந்தது. அவன் பேச்சு மற்றவர்களுக்குப் புரியாமல் போனதால், அவர்கள் பேச்சும் அவனுக்குப் புரியாது என்று எல்லாரும், தங்கை உட்பட, முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர்கூட அவனிடம் கேட்டுப் பார்க்கவில்லை. அவன் தினமும் கதவோரம் வந்து கேட்டுக்கொண்டிருந்தான். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு எவ்வளவு புரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை, முழுக்கப் புரிகிறது என்றே வைத்துக்கொண்டு ஒரு காரியம் செய்யுங்கள். சாயங்காலம் அவர் அறையில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். ‘உருமாற்றம்’ வேண்டாம். ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் ‘மூக்கு’ எடுத்துக்கொள்ளுங்கள். 1836இல் வெளிவந்த சிறுகதை, இந்த வகை எழுத்துக்கெல்லாம் பாட்டன் அது.

சவரத் தொழிலாளி காலையில் ரொட்டியை அறுக்கிறான், உள்ளே ஒரு மூக்கு இருக்கிறது. அது கவல்யோவ் என்ற அதிகாரியின் மூக்கு. அவர் எழுந்து கண்ணாடி பார்த்தால் மூக்கிருந்த இடம் சப்பென்று இருக்கிறது. தேடிப் போனால், மூக்கு தங்கச் சரிகை வைத்த சீருடை போட்டுக்கொண்டு வண்டியில் வந்து இறங்குகிறது. ரஷ்யாவில் மன்னர் மகா பீட்டர் 1722இல் போட்ட அதிகாரப் பட்டியலில் மொத்தம் 14 படிகள். கவல்யோவ் எட்டாவது படி. சீருடையைப் பார்த்தால் மூக்கு ஐந்தாவது படி. தன் சொந்த மூக்கிடம் பேசவே அவருக்கு நா எழவில்லை, இருமிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். மூக்கறுபட்டான் என்று நாம் சொல்வோமே, ரஷ்ய மொழியிலும் ஏமாந்துபோனவனை மூக்கோடு நின்றான் என்பார்கள். உங்கள் அப்பா எந்த ஆபீசில் வேலை பார்த்தவராக இருந்தாலும் இந்த மரியாதைக் கணக்கு அவருக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும். பிறகு கவல்யோவ் பத்திரிகை ஆபீசுக்குப் போய், மூக்கைக் காணவில்லை என்று விளம்பரம் கொடுக்கப் பார்க்கிறார். இதைப் போட்டால் பத்திரிகையின் பெயர் கெடும் என்று குமாஸ்தா மறுக்கிறார். மறுத்துவிட்டு, பாவம், ஆறுதலாக ஏதாவது செய்ய வேண்டுமே என்று பொடி டப்பியைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளுங்கள் என்று நீட்டுகிறார்.

அந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அப்பாவின் முகத்தைப் பாருங்கள்.